வேகங்காக்குங் கருவியின் மின்பழுது அறிதல்

நெய்வேலி அனல் மின் நிலையங்களில் நீராவியால் உந்தப்பட்டுச் சுழலும் யந்திரம் நிமிஷம் ஒன்றுக்கு 3000 சுற்றுச் சுழலுதல் வேண்டும். அதனிற் குறையினும் மிகினும் மின்சாரத்தின் அலைவு நொடிக்கு 50 என்னும் அளவினின்றும் பிறழும். மாலையில் வீடுதோறும் விளக்கேற்றுங்கால் யந்திரத்தின்மேற் பாரம் ஏறுகின்றது, நள்ளிரவில் இறங்குகின்றது. பாரம் இங்ஙனம் ஏறியிறங்கவும் வேகம் மாறாமைக்குக் காரணம், நீராவி வரும் வாயிலை வேண்டுமளவு திறந்தும் மூடியும் நிற்கும் ஒரு காவற் கருவியாம். ஜேம்ஸ் வாட் என்பார் 1788-ஆம் ஆண்டில் தம் நீராவி யந்திரத்தில் அமைத்த, சுழலுந்தோறும் விரிந்து மேலெழும் இரு குண்டுகளையுடைய அமைப்பும் இவ்வேலையையே செய்தது. அதே கருத்து மோட்டார் வண்டியில் ஏறியபொழுது அதற்கு ‘குரூஸ் கண்ட்ரோல்’ என்று பெயர் வந்தது. அக்கருவி வேலை செய்ய மறுக்குங்கால் மின்குற்றம் எவ்விடத்தது என்று காணும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

வண்டியில் இதனை அமைத்தவர் கண்பார்வை இல்லாதவர் என்பது வியப்பன்றோ? அமெரிக்க நாட்டு இந்தியானா மாகாணத்தினரான ரால்ஃப் டீட்டர் 1890-ஆம் ஆண்டிற் பிறந்து, ஐந்தாம் வயதில் நேர்ந்த விபத்தாற் கண்ணொளி இழந்தார். இழந்தும் யந்திரவியல் பயின்று பட்டம் பெற்று, பிஸ்டன் வளையம் செய்யும் தொழிற்சாலை ஒன்றற்குத் தலைவரானார். அவருடைய வழக்கறிஞர் வண்டியோட்டுங்கால், தாம் பேசும்பொழுது வேகத்தைத் தணித்தும், பிறர் பேசக் கேட்கும்பொழுது மிகுத்தும் ஓட்டும் இயல்பினர் என்பர். பக்கத்திலிருந்த டீட்டருக்கு அக்குலுக்கல் பொறுக்கவில்லை. கண்ணுடையார் பொருட்படுத்தாத வேறுபாட்டை அவருடல் உணர்ந்தது. 1950-ஆம் ஆண்டில் அவர் கருவிக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது; 1958-ஆம் ஆண்டுக்குரிய கிரைஸ்லர் வண்டிகளில் அது விற்பனைக்கு வந்தது.

இதற்குத் தமிழிற் பெயரிடப் புகுந்தால் ஓர் இடர் நேர்கின்றது. வழிப்போக்கிற்குப் பழந்தமிழ்ச் சொல் ‘செலவு’. ஆனால் ‘செலவுக் கட்டுப்பாடு’ என்று தலைப்பிட்டால் இது குடும்பக் கணக்கைப் பற்றிய கட்டுரை என்றெண்ணி நம் மாணவர் பக்கத்தைப் புரட்டி விடுவர். ஆதலின் வேகங்காக்குங் கருவி என்றே ஈண்டு வழங்குவோம். எனினும் அப்பழஞ்சொல்லை முற்றும் விட மனம் இசையவில்லை. அகப்பொருளிற் ‘செலவழுங்குதல்’ என்றொன்று உண்டு. பிரியப் புறப்பட்ட தலைவன் போகாது தயங்கி நிற்றல். அது செல்லாமை அன்று, தலைவியை வற்புறுத்தித் தேற்றுதற்பொருட்டு நிற்பதேயாம் என்பது தொல்காப்பியர் கருத்து. இக்கருவி அழுங்கி நிற்பதும் பெரும்பாலும் அத்தகையதே. அது கெட்டுப்போயிற்று என்று சொல்லுமுன், எதனைக் கண்டு அது தயங்குகின்றது என்று கேட்டல் வேண்டும்.

முதலிற் கருவி இயங்கும் வகையைச் சுருக்கமாகக் காண்போம். ஓட்டுவோர் ஸ்டியரிங் சக்கரத்திலுள்ள பொத்தானை அழுத்துகின்றார். அவ்வாணை கம்பி வழியே எஞ்சினை ஆளும் மின்மூளைக்குச் செல்கின்றது. இதனைப் பட்டறைகளில் ஈ.சி.எம். என்பர். அது சக்கரத்தின் வேகத்தை உணரிகளிடம் கேட்டறிந்து, குறித்த வேகத்தோடு ஒப்பிட்டு, குறையின் திராட்டிலைச் சிறிது திறக்கும்; மிகின் மூடும். பழைய வண்டிகளில் இவ்வேலையைக் காற்றுறிஞ்சும் துருத்தியும் இரும்புக் கேபிளும் செய்தன. இக்காலத்து வண்டிகளில் திராட்டிலைத் திருப்புவதற்கென ஏற்கெனவே ஒரு சிறு மின்மோட்டார் இருத்தலின், வேகங்காப்பதற்குத் தனி உறுப்பென்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. சில பொத்தான்களும் சில கட்டளைகளுமே உண்டு. ஆகவே ‘குரூஸ் கண்ட்ரோலை மாற்ற வேண்டும்’ என்று யாரேனும் விலை கூறினால், எந்த உறுப்பை என்று கேட்பது நன்று.

மறுக்கும் உரிமை பலருக்குண்டு என்பதே இக்கருவியின் உயிர்நாடி. நெய்வேலிச் சுரங்கத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அங்கே மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் நெடுந்தூரம் சுமந்து செல்லும் கன்வேயர் பட்டைகளின் ஓரமாக ஒரு கயிறு ஓடுகின்றது. அக்கயிறு இடையிடையே சுவிட்சுகளோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆபத்து நேருங்கால் எவ்விடத்தில் நிற்கும் தொழிலாளியும் கயிற்றை இழுப்பான்; பட்டை நிற்கும். அச்சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருத்தலின் எல்லாம் மூடியிருந்தாலன்றிப் பட்டை ஓடாது. பட்டை ஓடவில்லையெனின் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன், எந்தச் சுவிட்சு இழுபட்டிருக்கின்றது என்று நடந்து பார்ப்பதே முறை. வண்டியிலும் அப்படியே. பிரேக்கு மிதி, கிளச்சு மிதி, வேக உணரி, பொத்தான் ஆகியவற்றுள் ஒன்று இசையாவிடினும் கருவி இயங்காது.

சோதனையைக் கண்ணாலேயே தொடங்கலாம். கருவியின் முதற் பொத்தானை அழுத்தியவுடன் ஓட்டுவோர் முன்னுள்ள பலகையில் அதற்குரிய அடையாள விளக்கு எரிகின்றதா? எரியாவிடின் ஆணையே மின்மூளையைச் சென்று சேரவில்லை. குற்றம் பியூசிலோ, பொத்தானிலோ, அதற்கும் மின்மூளைக்கும் இடைப்பட்ட கம்பியிலோ உள்ளது. விளக்கு எரிந்தும் வேகம் பிடிக்கவில்லையெனின் ஆணை சென்றது, யாரோ மறுக்கின்றார் என்பது பொருள். பிடித்துச் சிறிது நேரத்தில் விட்டுவிடின், மறுப்பவர் விட்டுவிட்டு மறுக்கின்றார். இம்மூன்றையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வண்டிகளில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் கீழ் இக்கருவி பிடிக்காது. டவுன்ஷிப் வீதிகளில் மெல்லச் சென்று சோதித்துவிட்டுப் பழுதென்று பட்டறைக்கு ஓடுதல் வேண்டா.

விளக்கு எரியாத இடத்து ஐயுறத்தக்கது, ஸ்டியரிங் சக்கரத்தின் அடியிற் கடிகார வில்லைப்போற் சுருண்டிருக்கும் மெல்லிய நாடாக் கம்பி. சக்கரம் திரும்புந்தோறும் அது சுருண்டும் விரிந்தும் மின்தொடர்பை அறாது காக்கின்றது. பல ஆண்டு வளைந்து அதன் இழை அறும். இதனை அறிய நல்லதோர் அறிகுறி உண்டு. அந்நாடா வழியாகவே ஹாரனும், விபத்தில் விரியும் காற்றுப்பையும் மின்தொடர்பு பெறுகின்றன. வேகக் கருவியோடு ஹாரனும் ஒலியாது, காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கும் எரியுமாயின், நாடாவைத் தவிர வேறெங்கும் தேடவேண்டுவதில்லை. ஆனால் இங்கே கை வைப்போர் அஞ்சுதல் வேண்டும். காற்றுப்பையின் கம்பியில் மல்டிமீட்டரையோ சோதனை விளக்கையோ வைத்தலாகாது; சிறு மின்னோட்டமும் அதனை முகத்தின்மேல் வெடிக்கச் செய்யக்கூடும். மஞ்சள் நிறக் கப்ளரைக் கண்டால், பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிக் கையேட்டிற் சொன்ன நேரம் காத்திருந்த பின்னரே தொடுக.

பொத்தானிலும் ஒரு நுட்பம் உள்ளது. நான்கைந்து பொத்தான்களுக்குத் தனித்தனிக் கம்பி இழுப்பதில்லை. ஒவ்வொன்றற்கும் வெவ்வேறளவு தடையை வைத்து ஒரே கம்பியில் அனுப்புவர். வந்த அளவைக்கொண்டு எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று மின்மூளை ஊகித்தறியும். பொத்தானுள் வியர்வையும் தூசும் புகுந்து தடை மிகுந்தால், ‘பிடி’ என்ற ஆணை ‘விடு’ என்று கேட்கும். ஒரு பொத்தான் மட்டும் மாறிப் பேசுமாயின் குற்றம் அங்கே எனத் துணியலாம்.

இனி, மறுப்பவருள் தலையாயது பிரேக்கு மிதியின் மேலுள்ள சிறு சுவிட்சு. பட்டறைக்கு வரும் குற்றங்களுள் ஐயுறுதற்கு முதலில் உரியது இதுவே என்பது என் எண்ணம். பல வண்டிகளில் இதனுள் இரண்டு தொடுமுனைகள் உண்டு. மிதியை அழுத்தும்பொழுது ஒன்று கூடும், பின்விளக்கு எரியும். மற்றொன்று அதே நொடியிற் பிரியும். ‘மிதி அழுந்தியது’ என்று மின்மூளைக்கு அறிவிக்கும். இரண்டும் ஒத்துச் சொன்னாலன்றி மின்மூளை நம்புவதில்லை. இருவர் மூவர் சாட்சியினாலேயே காரியம் நிலைப்படும் என்னும் விதி வேதாகமம் பயின்றார்க்குப் புதிதன்று.

இச்சுவிட்சின் மூக்கு, மிதியின் தண்டிலுள்ள ஒரு துளையை அடைத்திருக்கும் சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வில்லையின்மேற் படிந்திருக்கும். வெயிலிற் காய்ந்து பழகிய வண்டியில் அவ்வில்லை நொறுங்கி உதிரும். உதிரின் சுவிட்சின் மூக்கு துளைக்குள்ளே புகுந்துவிடும்; மிதியைத் தொடாமலே, ‘மிதி அழுந்தியது’ என்று சுவிட்சு ஓயாது சொல்லிக்கொண்டிருக்கும். பின்விளக்கு இரவெல்லாம் எரிந்து காலையிற் பாட்டரி வறண்டிருக்கும். வேகக் கருவியும் பிடிக்காது. ஓட்டுவோரின் காலடி விரிப்பில் நொறுங்கிய துணுக்குகள் கிடக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதைவிட மலிவான சோதனை இல்லை. சில ரூபாய் பெறும் வில்லைக்காகப் பல்லாயிரம் ரூபாய் மின்மூளையை மாற்றுவாரும் உளர்.

பழைய வண்டிகள் சிலவற்றில் மற்றொரு வியப்பு உண்டு. அவற்றின் வேகக் கருவி, எர்த்துத் தொடர்பு உள்ளதா என்பதைப் பின்விளக்குப் பல்பின் இழை வழியாகவே பார்க்கின்றது. மிதி அழுந்தாதபொழுது பல்பின் இழை வழியே எர்த்துத் தெரியுமாயின் கருவி இசையும். பல்புகள் எல்லாம் எரிந்துபோயின், தெரிவதற்கு வழியின்மையால் அது மறுக்கும். அழகுக்காகப் பழைய பல்பை எடுத்து எல்.ஈ.டி. விளக்குப் பொருத்தியோர், ‘விளக்கு மாற்றியது முதல் குரூஸ் பிடிக்கவில்லை’ என்று முறையிடுவதன் மர்மம் இதுவே. எல்.ஈ.டி.யின் வழியே அவ்வெர்த்துத் தெளிவாகத் தெரிவதில்லை.

கிளச்சு மிதியிலும் அதுபோன்ற ஒரு சுவிட்சு உண்டு. அதனைப் பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டுவதில்லை. வேக உணரிகள் சக்கரத்தின் அருகே, சேறும் நீரும் படும் இடத்திலிருத்தலின் அவற்றின் கம்பி அறுவதுண்டு. அங்ஙனம் அறுந்தால் ஏ.பி.எஸ். விளக்கும் உடனெரிந்து காட்டிக்கொடுக்கும். முன்செல்லும் வண்டிக்கேற்பத் தானே தணியும் புதுவகைக் கருவியில் முன்புறத்து ராடார் ஒன்று மிகுதி. அதன் முகத்திற் சேறோ சாம்பலோ படிந்தாலும் கருவி நின்றுவிடும். அதற்கு மின்சாரம் அறிந்தவர் வேண்டா, ஈரத்துணி போதும்.

அளக்கும் முறையிற் பலர் ஏமாறுவர். கம்பியின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து, ‘பீப்’ என்று ஒலித்தவுடன் கம்பி நல்லது என்று துணிதல் தவறு. இருபது இழையுள்ள கம்பியில் ஓரிழை எஞ்சியிருப்பினும் மீட்டர் ஒலிக்கும். அது செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறிது. அக்கம்பி வழியே 21 வாட்டுப் பல்பை எரிக்கப் புகுந்தாலோ ஓரிழை தாங்காது. ஆகையால் வேலை நடக்கும்பொழுதே அளத்தல் வேண்டும். பிரேக்கை அழுத்தி விளக்கை எரியவிட்டுச் சுவிட்சின் இரு முனைக்கும் இடையே வோல்ட்டை அளந்தால், நல்ல தொடுமுனையில் 0.2 வோல்ட்டுக்கு மேற் காட்டலாகாது. அரை வோல்ட்டோ ஒரு வோல்ட்டோ காட்டின், அவ்வளவு மின்னழுத்தம் கரிந்த முனையில் வீணாகின்றது. எர்த்துக் கம்பியையும் இவ்வாறே பாரத்தோடு அளக்க. பாட்டரி ஓய்ந்திருக்கும்பொழுது 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்பொழுது ஏறத்தாழ 14 வோல்ட்டும் இருத்தலை முதலிற் பார்த்துக்கொள்ளாதவன் பின்னர் அளப்பதெல்லாம் வீண்.

விட்டுவிட்டு வரும் குற்றமே கொடியது. பட்டறையில் நிற்குங்கால் வண்டி சாதுவாகவிருக்கும். பண்ணுருட்டி தாண்டியவுடன் மறுக்கும். நம் பக்கத்தில் அதற்கு மூன்று காரணங்களை முதலில் நினைக்கலாம். ஒன்று எலி; நிறுத்திய வண்டியின் சூட்டை நாடிப் புகுந்து கம்பியுறையைக் கொறிக்கும். மற்றொன்று நீர். 2015-ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டம் கண்ட வெள்ளம் போன்றதில் நின்ற வண்டி, உலர்ந்தபின் ஓடும். ஆனால் கப்ளருள் நின்ற ஈரம் செம்பிற் பச்சைக் களிம்பாகி மாதங்கள் கழித்துத் தொல்லை தரும். மூன்றாவது, பாட்டுப்பெட்டியும் விளக்கும் பொருத்துவதற்காக யாரோ வெட்டி முறுக்கி டேப்புச் சுற்றிய ஒட்டு. இவற்றைக் காண, கருவியைச் சோதனை நிலையில் வைத்து ஒருவர் கப்ளர்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைக்க, மற்றொருவர் மீட்டரைப் பார்த்திருத்தல் வேண்டும். பொறுமையன்றி வேறு கருவி இதற்கில்லை.

ஸ்கேனர் என்னும் கருவி மின்மூளையின் குறிப்பேட்டைப் படித்துச் சொல்லும். பி 0571 என வந்தால் பிரேக்குச் சுவிட்சின் சுற்றிற் குற்றம். பி 0504 எனின் அதன் இரு சாட்சிகளும் முரண்படுகின்றன. பி 0500 எனின் வேக உணரி. பி 0564 எனின் பொத்தான்களின் கம்பி. இவை ஊரைக் காட்டுமேயன்றி வீட்டைக் காட்டா. பி 0571 என்றதும் சுவிட்சை வாங்கி மாட்டிவிட்டு, குற்றம் கம்பியில் இருந்ததைப் பின்னர்க் கண்டு வருந்துவோர் பலர். குறியீட்டினும் பயனுடையது ஸ்கேனரில் ஓடும் நேரடி விவரம். மிதியைத் தொட்டும் விட்டும், திரையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாறுகின்றதா என்று பார்த்தால் மறுப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

இச்சிறு சுவிட்சு எவ்வளவு பெரிய கேட்டிற்கு இடமாகும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து இரு சான்றுகள் காட்டுவேன். போர்டு கம்பெனியார் வேகக் கருவியை விடுவிப்பதற்கு, பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்சை வைத்திருந்தனர். உள்ளிருந்த மெல்லிய தாள் விரிசல்கொண்டு எண்ணெய் மின்முனையிற் கசிந்தது. சாவியை எடுத்த பின்னும் அச்சுவிட்சில் மின்சாரம் நின்றுகொண்டிருந்தமையால், ஓடாது நிறுத்தியிருந்த வண்டிகளும் தீப்பற்றின. 1999 முதல் 2009 வரை பன்முறையாக ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இடையில் ஒரு பியூசை வைத்ததே பரிகாரம். பின்னர் 2013-ஆம் ஆண்டில் ஹுண்டாய், கியா கம்பெனியார் அந்நாட்டில் விற்ற ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகளைப் பிரேக்கு விளக்குச் சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்தனர். அச்சுவிட்சு பழுதுற்றால் பின்விளக்கு எரியாமலும், மிதித்தும் வேகக் கருவி விடாமலும் போகக்கூடும் என்பதே காரணம்.

இவ்விரண்டாம் சான்றைச் சிந்திப்போர்க்கு, நம் நாட்டுச் சாலையோரப் பட்டறைகளில் வழங்கும் ‘டைரக்ட் கொடுத்தல்’ என்னும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பது விளங்கும். மறுக்கும் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டு, அதனை மாற்றாமல், இரு கம்பியையும் முறுக்கி ஒன்றாக்கிவிடுவர். சாட்சி பேசமாட்டேன் என்றால் அவன் வாயைக் கட்டிவிட்டுப் பொய்ச் சாட்சியை நிறுத்துவது போன்றது இது. வண்டி அன்றே வேகம் பிடிக்கும், கூலியும் மலிவு, உரியவர் மகிழ்ந்து செல்வார். கிளச்சுச் சுவிட்சை அங்ஙனம் செய்திருந்தால், மிதித்தவுடன் பாரம் நீங்கிய எஞ்சின் அலறிப் பாயும். பிரேக்குச் சுவிட்சை அங்ஙனம் செய்திருந்தாலோ, முன்னே மாடு குறுக்கிட்டு மிதிக்கும் நொடியில் ஓட்டுவோர் ஒருபுறமும் கருவி ஒருபுறமும் இழுப்பர். புது வண்டிகளின் மின்மூளை சாட்சிகளின் முரணைக் கண்டு தானே கைவிடும். பழையவற்றில் அந்நம்பிக்கை இல்லை.

வேகக் கருவி மறுப்பதை ஒரு சிறு வசதிக் குறைவாக மட்டும் கருதுதலும் பொருந்தாது. அது மறுப்பதற்குக் காரணமான அதே சுவிட்சே பின்விளக்கையும் ஏற்றுவது. ஓட்டுவோர் தம் பின்விளக்கைத் தாம் காண்பதில்லை. ஷிப்டு முடிந்து இரவில் வீடு திரும்பும் தொழிலாளி தம் மோட்டார் சைக்கிளில் அவ்வண்டியின் பின்னே வருகின்றார். நின்றது தெரியாமல் மோதுபவர் அவரே. ஆகவே கருவி பிடிக்காத அன்றே, எவரையேனும் பின்னே நிறுத்தி மிதியை அழுத்திப் பார்த்தல் வேண்டும். துணையில்லாதவர் இரவில் வண்டியின் பின்புறத்தை வெள்ளைச் சுவருக்கு எதிரே நிறுத்தி மிதித்தால், செவ்வொளி சுவரிற் படுவது கண்ணாடியில் தெரியும். நடுவிளக்கு ஒன்றும் ஓர விளக்கு இரண்டும் ஆக மூன்றும் எரிதல் வேண்டும்.

பழுது நீக்கிய பின்னர்ச் சோதித்தற்கு ஊர்த்தெரு தகாது. விக்கிரவாண்டிக்கு அப்பால் சென்னை நெடுஞ்சாலையில் விடியற்காலத்தில் நெரிசல் இல்லாத இடம் பார்த்து, 60 கிலோமீட்டரிற் பிடிக்கச் செய்து, முதலிற் பிரேக்கு மிதியைக் காலின் பாரம் மட்டும் படும்படி தொடுக. கருவி அக்கணமே விடுதல் வேண்டும். மறுபடி பிடிக்கச் செய்து கிளச்சைத் தொடுக. மூன்றாவது, பொத்தானால் விடுவிக்க. மூன்று முறையும் தயங்காமல் விட்டதென்றால் வண்டியை உரியவரிடம் ஒப்படைக்கலாம். ஒரு முறை தயங்கினாலும் திரும்பப் பட்டறைக்கே கொண்டுவருக.